சித்தியின் இடப்பக்கம்

எங்கள் வீட்டில் சித்தியின் இடப்பக்கம் எனக்குச் சொந்தமாக இருந்தது. யாரும் பட்டா எழுதிக் கொடுக்கவில்லை. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அங்கே நான்தான் நடந்தேன், அவ்வளவுதான். காக்ஸ் டவுன் மார்க்கெட்டுக்குப் போனாலும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனாலும் என் வலக்கை அவளுடைய இடக்கைக்குள் இருக்கும். மற்றப் பிள்ளைகள் சும்மா கையை வீசிக்கொண்டு போவதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பாவமாக இருக்கும். அவர்களுக்கு ஒரு வேலையும் இல்லையே என்று தோன்றும்.

எனக்கு வேலை இருந்தது. சித்திக்கு இடது காது கேட்காது. ஆறு வயதில் அவளுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்ததாம். அவளுக்கும் என் அம்மாவுக்கும் தாயான பாட்டி அதற்கு முந்திய வருஷமே இறந்துபோயிருந்தார். என் அம்மாவுக்கு அப்போது பதினெட்டு வயது. யாரோ சொன்னபடி தன் கழுத்திலிருந்த தங்கச் சங்கிலியைக் கழற்றித் தங்கைக்குப் போட்டு, வேப்பிலை அரைத்துப் பூசி, பக்கத்தில் உட்கார்ந்து ஜெபம் பண்ணியிருக்கிறாள். வீக்கம் பத்து நாளில் இறங்கிவிட்டது. இறங்கும்போது இடக்காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. முதல் நாளே டாக்டரிடம் ஓடியிருந்தால் காது தப்பியிருக்கும் என்று அம்மா நம்பினாள். அப்படியொன்றும் இல்லை என்று பிற்பாடு எத்தனையோ டாக்டர்கள் சொல்லியும் அவள் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் உண்மையில் காது கேட்காதவள் அவள்தான் என்று அப்பா கிண்டல் செய்வார்.

ஒரு காது மட்டும் கேட்பவர்களுக்குச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாது. தெருவில் யாராவது கூப்பிட்டால் சித்தி மாடி, மரம், மின்கம்பம் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் ஆளைக் கண்டுபிடிப்பாள். அதற்காக எனக்கும் அவளுக்கும் ஒரு ஏற்பாடு உண்டு. இடப்பக்கம் யாராவது பேசினால் நான் அவள் கையை ஒருமுறை அழுத்துவேன். பேசியவர் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால் இரண்டு முறை. வண்டி வந்தால் மூன்று. வெளியாருக்கு இது எதுவும் தெரியாது. கட்டட வரைபடம் போடுகிற ஆபீஸில் சித்திக்கு வேலை. அங்கே நாள் முழுக்க யாரும் அதிகம் பேசமாட்டார்கள் என்பதால் அங்கேயும் தெரியாது.

தெரியவேண்டிய இடம் ஒன்றுதான் இருந்தது. சித்திக்கு இருபத்தொன்பது வயதாகியிருந்தது, மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார்கள். முதலில் வந்தவர்கள் எங்கள் கூடத்து சோபாவில் உட்கார்ந்தார்கள். பையனின் பெரியம்மா சித்தியின் இடப்பக்கமாக வந்து உட்கார்ந்து, மூன்று தடவை என்னவோ கேட்டு, பதில் வராமல், பொண்ணுக்குத் திமிர் என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டாவதாக வந்தவர்களிடம் அப்பா நேர்மையாக விஷயத்தைச் சொல்லிவிட்டார். அவர்கள் கேக்கை முழுக்கச் சாப்பிட்டு, நீளமாக ஒரு ஜெபமும் பண்ணிவிட்டுப் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். அன்றிலிருந்து கல்யாணப் பேச்சில் அப்பா வாய் திறக்கக்கூடாது என்று அம்மா உத்தரவு போட்டாள்.

மூன்றாவது இடம் எங்கள் சர்ச் பாஸ்டரம்மா மூலமாக வந்தது. ஜோகுபாளையத்துப் பையன், ஏதோ ஃபேக்டரியில் சூப்பர்வைசர், வீட்டில் அவனும் அவன் அம்மாவும் மட்டும்தான். இந்த முறை அம்மா யாரையும் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. பன்னேர்கட்டா மிருகக்காட்சிசாலைக்கு வரச் சொன்னாள். லீவில் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகப்போகிறோம், நீங்களும் எதேச்சையாக வந்த மாதிரி வந்துவிடுங்கள், பஜ்ஜி தட்டோடு பெண்ணை நிறுத்துகிற வழக்கமெல்லாம் எங்களுக்குப் பிடிக்காது என்று சொல்லியனுப்பினாளாம். எவ்வளவு நாகரிகமான குடும்பம் என்று அவர்கள் சந்தோஷப்பட்டார்கள்.

அம்மா ஸ்கூல் டீச்சர். வருஷாவருஷம் நாலாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே எக்ஸ்கர்ஷன் கூட்டிக்கொண்டு போகிறவள். எந்தக் கூண்டு எங்கே இருக்கிறது என்பது மட்டுமல்ல, எந்தக் கூண்டுக்கு முன்னால் எவ்வளவு சத்தம் இருக்கும் என்பதும் அவளுக்கு மனப்பாடம். கிளிகளுக்கு முன்னால் நின்று நாற்பது பிள்ளைகளைக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிய அனுபவம் சும்மா போகுமா. அங்கே ஒரு பதிலைத் தவறவிட்டால் யாரும் காதைச் சந்தேகப்படமாட்டார்கள், கிளியைத்தான் திட்டுவார்கள். இதுதான் திட்டம். கிளி, குரங்கு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்கும் யானைப் பக்கம் என்று சத்தமுள்ள இடங்களாகப் பார்த்து ஒரு வழியே போட்டு வைத்திருந்தாள். மிச்சத்துக்கு இடப்பக்கத்தில் நான்.

“ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்னு பெரியவங்களே சொல்லியிருக்காங்க,” என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள். “நான் ஒண்ணுகூட வாயால சொல்லலையே.”

அப்பா பேப்பரைத் திருப்பினார். சித்தி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு என் ஸ்வெட்டருக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று இப்போது எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை. பொத்தான் நினைவிருக்கிறது. நீல ஸ்வெட்டரில் பச்சைப் பொத்தான். நீலம் கிடைக்கவில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்து புது வருஷம் பிறப்பதற்கு இடையில் ஒரு நாள். கிளம்பும் முன் அம்மா எங்களை வரிசையாக நிறுத்தி, “ஆண்டவரே, போகிற காரியத்தை வாய்க்கப்பண்ணும்” என்று ஜெபித்தாள். பிறகு என் முன்னால் குனிந்து, “இன்னிக்கு என்ன ஆனாலும் சித்தி கையை விடக்கூடாது. விடமாட்டேன்னு சொல்லு” என்றாள். சொன்னேன். வழக்கமாக விடாத கையை இன்றைக்கு மட்டும் ஏன் விடப்போகிறேன் என்று எனக்குப் புரியவில்லை. பெரியவர்கள் பேச்சு அரைகுறையாகக் காதில் விழுந்திருந்தாலும், அன்றுதான் யாரோ சித்தியைப் பார்க்க வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தால் ஜோகுபாளையத்துக்கே தெரிந்த மாதிரி என்று மறைத்துவிட்டார்கள்.

சிவாஜி நகரில் பஸ் ஏறினோம். பனி இன்னும் விலகவில்லை. பஸ் போகப்போக வீடுகள் குறைந்து மரங்கள் பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, மறுபடி பனிக்குள் போயின. சித்தியின் தோளில் சாய்ந்து நான் பாதி தூங்கியும் பாதி விழித்தும் இருந்தேன். மடியில் கிறிஸ்துமஸுக்குச் சுட்ட கல்கல், ரோஸ் குக்கி போட்ட டின் சூடில்லாமல் கனத்தது. இறங்கிய பிறகும் அந்த அரைத்தூக்கம் எனக்குக் கலையவில்லை. அன்று பார்த்தது எல்லாமே தூக்கத்துக்கு உள்ளே பார்த்த மாதிரியேதான் இருக்கிறது.

நீர்யானை என்று சொன்ன இடத்தில் தண்ணீர் மட்டும் இருந்தது. தண்ணீரில் ஒரு பாறை. பார்த்துக்கொண்டே இருந்தேன், பாறை மூச்சுவிட்டது. பிறகு அதன்மேல் இரண்டு சின்னக் காதுகள் முளைத்து, சடசடவென்று தண்ணீரை உதறின. தண்ணீருக்குள் போகும்போது அது காதை மூடிக்கொள்ளும் என்று அப்பா சொன்னார். அன்று எனக்கு வேலை காது சம்பந்தப்பட்டது என்பதால் எல்லா மிருகத்திடமும் காதைத்தான் பார்த்தேன். மான்களுக்கு ஒரு காது நம் பக்கமும் இன்னொன்று காட்டுப் பக்கமும் திரும்பியிருந்தன. முதலைக்குக் காதே காணோம். கண்ணுக்குப் பின்னால் ஒரு கீறல் மாதிரி இருக்கும், அதுதான் என்றார் அப்பா. கல்யாண விஷயத்தில் வாய் அடைக்கப்பட்டிருந்ததால் அன்று அவர் மிருகங்களைப் பற்றி நிறையப் பேசினார்.

பெரிய கிளிகள் இருக்கும் கூண்டுக்கு முன்னால் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். சிவப்பும் நீலமுமாக அவை, ஏதோ சொத்துத் தகராறு போலக் கத்திக்கொண்டிருந்தன. அப்போது ஒரு கனத்த அம்மாவும் கண்ணாடி போட்ட ஒரு ஆளும் எதிரே வந்தார்கள்.

“அடடே டீச்சர், நீங்களா?” என்றார் அந்த அம்மா.

“ஸ்தோத்திரம். நீங்க எங்க இந்தப் பக்கம்?” என்று அம்மா ஆச்சரியப்பட்டாள்.

இத்தனை பெரிய ஊரில் இப்படிச் சந்திக்கிறார்களே என்று நானும் மனதார ஆச்சரியப்பட்டேன். அந்தக் கூட்டத்தில் உண்மையாக ஆச்சரியப்பட்டது நான் ஒருத்திதான்.

வந்தவர் நல்ல மனிதர் என்பது எனக்கே தெரிந்தது. டின்னை நீட்டியபோது ஒரே ஒரு கல்கல் எடுத்துக்கொண்டு, அதை ரொம்ப நேரம் சாப்பிட்டார். ஆனால் அம்மாவின் கெட்ட நேரம், அவர் வாய்க்குள்ளேயே பேசுகிறவர். கிளிகளுக்கு முன்னால் அவர் உதடு அசைவது தெரிந்தது, சத்தம் எதுவும் வெளியே வரவில்லை. “இவர் பேசுறது நம்ம ரெண்டு காதுக்கே கேக்கலையே” என்று அம்மா அப்பாவிடம் முணுமுணுத்தாள்.

நடந்தோம். கம்பித் தடுப்பு எங்கும் வலப்பக்கமாகவே வந்ததால் அந்த மனிதர் எப்போதும் எங்கள் இடப்பக்கம்தான் வந்து சேர்ந்தார். அவருக்கும் சித்திக்கும் நடுவில் நான். அவர் ஏதாவது சொல்வார், நான் அழுத்துவேன், சித்தி உடனே திரும்பி அவர் முகத்தைப் பார்ப்பாள். அவர் கேட்பார், நான் இரண்டு அழுத்து. அவள் சிரிப்பாள், அல்லது “சத்தத்துல சரியா கேக்கலைங்க” என்பாள். மூன்று மணி நேரம் இப்படியே போயிற்று. அழுத்தி அழுத்தி என் விரல்கள் வலித்தன. சித்தியின் உள்ளங்கை வியர்த்து வழுக்கியது, நான் அடிக்கடி பிடியை மாற்றிக்கொண்டேன். பின்னால் வந்த அவருடைய அம்மா, “ரொம்ப அமைதியான பொண்ணு” என்று அம்மாவிடம் சொல்வது எனக்குக் கேட்டது. அது சித்தியின் இடப்பக்கப் பேச்சு என்பதால் விடாமல் ஒரு அழுத்து அழுத்தினேன். அவள் திரும்பவில்லை.

காரியம் கெட்டது அந்த அம்மாவின் முட்டியால். யானைகளைப் பார்த்துவிட்டு வரும்போது அவருக்குக் கால் வலி வந்துவிட்டது. பட்டாம்பூச்சி மண்டபத்துக்குள் நிழலும் பெஞ்சும் இருக்கின்றன என்று யாரோ சொல்ல, மகன் போய் எல்லோருக்கும் டிக்கெட் வாங்கிவந்துவிட்டார். அம்மாவுக்கு அது வழியில் இல்லாத இடம். அதற்குத் தனி டிக்கெட் என்பதால் அவள் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனதே இல்லை. வேண்டாம், வெயில், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். வாங்கிய டிக்கெட்டை என்ன செய்வது.

கதவருகே நின்ற காவலாளி விரலை உதட்டில் வைத்து, “மெல்லகே மாத்தாடி” என்று கன்னடத்தில் மெதுவாகப் பேசச் சொன்னார். உள்ளே போனோம். கதவு மூடியதும் வெளியே இருந்த சத்தம் அத்தனையும் வெளியேயே நின்றுவிட்டது.

அப்படி ஒரு அமைதியை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. மேலே கண்ணாடிக் கூரை. வெளிச்சம் பாலில் கலந்த மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. குளிர்ந்த வெளிக்காற்றிலிருந்து திடீரென்று வெதுவெதுப்பான, இலை வாசனை நிறைந்த காற்றுக்குள் வந்திருந்தோம். முதலில் ஒன்றையும் காணவில்லை. பிறகு ஒரு இலை சிறகடித்துப் பறந்தது. பிறகு இன்னொன்று. கண் பழகப்பழக, எங்கும் அவைதான். யாருடைய காலடியும் கேட்கவில்லை. எல்லோரும் தரையைத் தொடாமல் நடப்பதுபோல எனக்கு இருந்தது.

அம்மாவும் அப்பாவும் அந்த அம்மாவும் கதவுக்குப் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். அம்மா என்னைப் பார்த்தாள். கண்ணை மட்டும் உருட்டி, கையைக் காட்டினாள். நான் தலையாட்டினேன். சித்தியும் நானும் அந்த மனிதரும் செடிகளுக்கு நடுவே போகிற குறுகலான பாதையில் நடந்து, ஒரு சின்ன மரப்பாலத்துக்கு வந்தோம். அப்போதுதான் ஒரு பெரிய பட்டாம்பூச்சி என் முகத்தைத் தாண்டிப் போயிற்று. என் இரண்டு கைகளையும் சேர்த்து விரித்த அளவு இருக்கும். மேலே கறுப்பு, கீழே பொன் மஞ்சள். பாலத்துக்கு அந்தப் பக்கம் தட்டில் நறுக்கி வைத்திருந்த அன்னாசித் துண்டின் மேல் போய் உட்கார்ந்து, சிறகை மூடி மூடித் திறந்தது.

நான் இழுத்திருக்கமாட்டேன். சத்தியமாக இழுக்கவில்லை. கழுத்தை மட்டும்தான் நீட்டினேன். என் கையைச் சுற்றியிருந்த சித்தியின் விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

“போ குட்டி. போய்ப் பாத்துட்டு வா.”

“உன் கை?” என்றேன்.

“என் கை எங்கயும் போயிடாது. போ.”

அவ்வளவு நல்ல சித்தி யாருக்குமே இல்லை என்று நினைத்துக்கொண்டு ஓடினேன். ஓடவில்லை, மிதந்தேன். தட்டுக்குப் பக்கத்தில் முட்டிபோட்டு, அது அன்னாசிச் சாற்றைக் குடிப்பதைப் பார்த்தேன். சுருட்டி வைத்த நூல் மாதிரி ஒரு வாய். காது இருக்கிறதா என்று தலையைச் சாய்த்துச் சாய்த்துத் தேடினேன். இன்னொன்று என் ஸ்வெட்டரின் பச்சைப் பொத்தானில் வந்து உட்கார்ந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு நிமிஷமாக இருக்கலாம், அரை மணியாகவும் இருக்கலாம்.

ஒருமுறை நிமிர்ந்து பார்த்தேன். பாலத்தில் நான் நின்ற இடத்தில் அந்த மனிதர் நின்றிருந்தார். அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. அன்று முழுவதும் பேசியதைவிட அதிகமாகப் பேசுகிறார் என்று தோன்றியது. சித்தி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நிறுத்தினார், காத்திருந்தார். என் கை தானாக இரண்டு முறை மூடித் திறந்தது. சித்தி மெதுவாக அவர் பக்கம் திரும்பினாள். இடக்காதின் மேல் கையை வைத்து, என்னவோ சொன்னாள். கம்மல் திருகு கழன்றுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்தார்கள். பொத்தானில் இருந்தது பறந்துவிட்டது, நான் அதன் பின்னால் போனேன்.

வெளியே வந்து புல்வெளியில் உட்கார்ந்து எல்லோரும் சேர்ந்து லெமன் ரைஸ் சாப்பிட்டோம். என் கை மறுபடி அதன் இடத்துக்குப் போய்விட்டது. கிளம்பும்போது அந்த மனிதர் சித்தியிடம் “வரேங்க” என்று சொன்னார். அதைச் சொல்வதற்கு அவர் எங்களைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்தார். இடப்பக்கம் நான் இருக்கிறேன் என்று மரியாதை கொடுத்தார் என்று எடுத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் அம்மா எதுவும் கேட்கவில்லை. காரியம் வாய்த்துவிட்டதென்று நினைத்தாள். அடுத்த நாளே பீரோவைத் திறந்து புடவைகளை எடுத்து வெயிலில் போட்டாள். எந்த சர்ச், எந்த மாதம் என்று தனக்குத்தானே பேசிக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் பாஸ்டரம்மா வந்தார். கூடத்தில் உட்கார்ந்து காபியைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமலே சொன்னார். “பையனுக்குக் காது விஷயம் எப்படியோ தெரிஞ்சுபோச்சாம். பொண்ணைப் பத்தி ஒரு வார்த்தை குறைவா சொல்லல, தங்கமான பொண்ணுன்னுதான் சொன்னாராம். ஆனா வேணாம்னு சொல்லிட்டாரு.”

அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து அம்மா என் முன்னால் நின்றாள். அப்போதுதான் எனக்கே எல்லாம் தெரிந்தது. வந்தவர் யார், நாங்கள் எதற்குப் போனோம், என் கையின் வேலை அன்று என்ன என்பதெல்லாம்.

“அந்தப் பட்டாம்பூச்சி இருந்த எடத்துல கையை விட்டியா?”

சித்திதான் போகச் சொன்னாள் என்று சொல்லியிருக்கலாம். அது வாய்வரை வந்தது. ஆனால் விடமாட்டேன் என்று ஜெபத்துக்குப் பிறகு வாக்குக் கொடுத்தது நான். போ என்றதும் சந்தோஷமாகப் போனதும் நான். எட்டு வயதில் எனக்கு அந்த நியாயம் மிகச் சரியாகப் பட்டது.

“விட்டேன்,” என்றேன்.

அம்மா அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். “ஒரு கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கத் தெரியல இந்தக் கழுதைக்கு. அவ வாழ்க்கையே போச்சு” என்றாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, “மொதல்ல நான் கெடுத்தேன். இப்ப என் வயித்துல பொறந்தது” என்று அழ ஆரம்பித்தாள். அம்மா அழுது நான் பார்த்தது அதுவே முதல் தடவை. என்னால்தான் அழுகிறாள் என்று நினைத்தேன்.

சித்தி சமையலறையில் இருந்தாள். அடுப்பு இருந்த மூலையில் நின்றால் அவளுடைய வலக்காது கூடத்துப் பக்கம்தான் இருக்கும். அம்மா என்னிடம் குரல் உயர்த்தினால் போதும், கையில் கரண்டியோடு வந்து நடுவில் நிற்கிறவள் அவள். அன்று வரவில்லை. ஏதோ தீய்ந்துகொண்டிருக்கிற வாசனை வந்தது. அப்போதும் வரவில்லை. நான் செய்தது அவ்வளவு பெரிய தப்பு, அதனால்தான் சித்திக்கே என் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை என்று முடிவு செய்துகொண்டேன். அம்மா என்னிடம் பேசாமல் இருந்த நாட்களில் அது ஒன்றுதான் எனக்குத் தாங்கமுடியாததாக இருந்தது.

அதற்குப் பிறகு வந்த இடங்களிலெல்லாம் சித்தி போனிலேயே காது விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அம்மா திட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், நடக்கவில்லை. நாலு வருஷம் கழித்து ஒருவர், “எனக்குக் குறட்டை ஜாஸ்திங்க. உங்க காது எனக்கு நல்லதாப்போச்சு” என்று பதில் சொன்னாராம். அவர்தான் என் சித்தப்பா. சித்தியின் இடப்பக்கத்தை நான் அவரிடம் ஒப்படைத்துவிட்டேன்.

போன கிறிஸ்துமஸுக்குச் சித்தி வீட்டில் கல்கல் உருட்டிக்கொண்டிருந்தோம். நான் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டேன், எனக்கே மாப்பிள்ளை பார்க்கலாமா என்று பேச்சு வந்துவிட்டது. அந்தப் பேச்சில்தான் அன்றைய கதை வந்தது. கையை விட்டது நானா அவளா என்று முதல்முறையாகக் கேட்டேன்.

“நான்தான். தெரிஞ்சேதான் விட்டேன்,” என்றாள். “அவர் கொழந்தை மாதிரி என்னென்னவோ பேசிக்கிட்டே வந்தாரு. பாதி எனக்கு விழவே இல்ல. இவரோட வீட்டுக்குப் போயி, தினமும் யார் கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறதுன்னு தோணுச்சு. இந்தப் பக்கம் கேக்காதுங்கன்னு சொன்னேன். சரின்னாரு. அது எந்தச் சரின்னு ரெண்டு வாரம் கழிச்சுத்தான் தெரிஞ்சது.”

“அம்மா என்னை அப்படித் திட்டினப்ப நீ ஏன் வரல?”

சித்தி மாவை உருட்டுவதை நிறுத்தவில்லை. “எனக்காக உங்கம்மா ஓடின ஓட்டத்துக்கு, வேணும்னேதான் கெடுத்தேன்னு எப்படிச் சொல்ல முடியும்? செத்தாலும் என்னை மன்னிச்சிருக்கமாட்டா. நீன்னா நாலு நாள்ல மன்னிச்சிடுவான்னு தெரியும்,” என்றாள். அடுத்த உருண்டையை எடுத்துக்கொண்டே, “அந்த நாலு நாளும் எனக்குச் சோறு எறங்கல” என்றாள்.

எனக்குக் கோபம் வரவேண்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவளுக்காக நான் செய்த வேலைகளிலேயே பெரிய வேலை, செய்கிறேன் என்று தெரியாமலே செய்தது, அதுதான் என்று தோன்றி அழுகை வந்தது. எண்ணெய்ப் புகை என்று சொல்லிவைத்தேன்.

அந்த எட்டு வயதில், திட்டு வாங்கிய நாலாம் நாள் காலையில் அம்மா சீப்பை எடுத்துக்கொண்டு வந்து, என்னை முன்னால் உட்கார வைத்துத் தலை வாரினாள். முந்திய மூன்று நாளும் நானே வாரிக்கொண்டு கோணல் வகிடோடு பள்ளிக்குப் போயிருந்தேன். சிக்கு எடுக்கும்போது வலித்தது. நான் கத்தவில்லை. பின்னி முடித்து, ரிப்பன் கட்டி, என் உச்சந்தலையில் ஒரு நிமிஷம் கையை வைத்திருந்துவிட்டு, “ஸ்கூல்ல மத்தியானம் முட்டையை மிச்சம் வைச்சுடாம சாப்பிடு” என்றாள்.

சித்தி ஆபீஸுக்குப் புறப்பட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவோரம் நின்றிருந்தாள். அவளுக்கு பஸ் போயிருக்கும். அப்போதும் நகராமல் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே நின்றாள். ஜடை நேராக வந்திருக்கிறதா என்று பார்க்கிறாளாக்கும் என்று நினைத்து, அவளுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று நான் தலையைத் திருப்பிக் காட்டினேன்.